அடுப்பு மூட்டாத வீடு

வல்லத்திராக்கோட்டை பிச்சையம்மாளுக்கு இருந்தது லேசுப்பட்ட இழுப்பு இல்லை. மூச்சை உள்ளே வாங்கினால் வெளியே போக மாட்டேன் என்று அடம் பிடிக்கும். நெஞ்சுக்குள் கோழிக்குஞ்சுகளைப் பிடித்து அடைத்த மாதிரி கீச்சுக் கீச்சென்று சத்தம். ஆடாதொடைக் கசாயம், தூதுவளைச் சாறு, புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில் போட்ட ஊசி, திருநீறு, தாயத்து என்று ஒன்று பாக்கியில்லை. எல்லாம் வந்த வழியே போயின, இழுப்பு மட்டும் வீட்டோடு தங்கிவிட்டது.

அவள் புருசன் ஆண்டியப்பனுக்கு வல்லத்திராக்கோட்டையில் கடலைக்கொல்லையும் கொஞ்சம் வயலும் உண்டு. நல்ல மனுசன்தான். ஆனால் பெண்டாட்டி சொன்னாலும் சரி என்பான், எதிர்வீட்டிலிருக்கும் அக்காள் மூக்காயி சொன்னாலும் சரி என்பான். ஒரே மகள் செவந்தியை ஆலங்குடிப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தார்கள். செவந்தி இப்போது முழுகாமல் இருக்கிறாள். மாசி மாதம் தலைப்பிரசவம். தாய் வீட்டுக்குத்தான் வர வேண்டும், அதுதானே முறை? ஆனால் சம்பந்தியம்மாள் ஐந்தாம் மாத வளைகாப்பிலேயே வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொல்லிவிட்டாள்.

"ஒங்களையே ஒருத்தர் தூக்கி ஒக்கார வைக்க வேண்டியிருக்கு. பச்சை ஒடம்புக்காரிய நீங்க எப்படிப் பாப்பீங்க? இழுப்பு நிக்கட்டும், அனுப்புறேன்."

அந்தச் சொல் பிச்சையம்மாளுக்கு முள்ளாய்த் தைத்தது. மகளுக்குப் பேறுகாலம் பார்க்க நாதியற்றுப் போனேனா என்று தனக்குத்தானே பொருமினாள்.

இந்தக் கதையில் சோலையப்பன் வந்து நுழைவது ஐப்பசி மாதத்தில், ஒரு கல்யாணப் பந்தியில். ஆண்டியப்பனுக்குச் சித்தப்பா முறை. பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்து ரிட்டயர் ஆகி ஊர் திரும்பியவர். ஊரில் அவருக்குப் 'பச்சைத்தின்னி' என்று பேர். எல்லாருக்கும் சோறும் சாம்பாரும் விழுகிறது, இந்த மனுசன் மட்டும் துண்டிலிருந்து ஊறவைத்த பாசிப்பயறு, தேங்காய்ச் சில்லு, வாழைப்பழம், வெள்ளரிப்பிஞ்சு எல்லாவற்றையும் எடுத்து இலையில் பரப்பி, மாப்பிள்ளை மாதிரி சப்பணம் போட்டுச் சாப்பிடுகிறார். பரிமாறுகிறவன் நெய்யோடு வந்தால் கையை நீட்டித் தடுக்கிறார்.

பிச்சையம்மாளிடம் ஒரு குணம் உண்டு. ஒன்றைப் பார்த்துவிட்டால் அதை அடி முதல் நுனி வரை தோண்டாமல் விட மாட்டாள். பந்தி முடிந்து அவர் கைகழுவ வருவதற்குள் எதிரே போய் நின்றுவிட்டாள்.

"மாமா, இது எத்தனை நாளைக்கு?"

"உசுரு இருக்கிற மட்டும். நெருப்பு தொட்டது செத்துப்போச்சும்மா. செத்ததைத் தின்னா சீக்குத்தான் வரும். எனக்கு மூல வியாதி, ஒக்கார முடியாது, நிக்க முடியாது. திருச்சியில ஒரு பெரியவர் சொல்லித்தான் சமைச்சதை விட்டேன். இன்னைக்குப் பாரு, மரக்கட்டில் மேல ஒக்காந்து சீட்டாடுறேன்."

"இழுப்புக்குக் கேக்குமா?"

"எதுக்கும் கேக்கும்."

"அவல் திங்கலாமா மாமா?"

"நெல்லை வறுத்து இடிக்கிறாங்க. ஆகாது."

"வெல்லம்?"

"காய்ச்சுனது."

"தேன்?"

"தேனீ அடுப்பு மூட்டலையே. தின்னு."

"வெயில்ல காஞ்ச கருவாடு? சூரியனும் நெருப்புத்தானே மாமா?"

சோலையப்பன் துண்டை உதறித் தோளில் போட்டார். இப்படி ஒரு கேள்வி திருச்சியில்கூட யாரும் கேட்டதில்லை. "கருவாட்டைப் பச்சையாத் திங்கிற பொம்பளைய இனிமேத்தான் நான் பாக்கணும்" என்று சிரித்துவிட்டுப் போனார்.

விசயம் காதில் விழுந்ததும் மூக்காயி குதித்தாள் பாருங்கள், ஓடு பறக்காதது பாக்கி. அவள் குதித்ததிலும் ஞாயம் இருந்தது. இழுப்புக்காரிக்குக் குளுந்தது எதுவும் ஆகாது என்பது ஊரே அறிந்தது. வாழைப்பழம் ஆகாது, வெள்ளரிக்காய் ஆகாது, தேங்காய் ஆகாது. சுடச்சுட ரசம், வெந்நீர், அடுப்படியில் குத்தவைத்து நெஞ்சுக்குச் சூடு காட்டுவது, இதுதான் பக்குவம்.

"அடமழைக் காலத்துல இழுப்புக்காரிக்கு வாழைப்பழமும் தேங்காயுமா? நல்லா இருக்குடா தம்பி! கையோட பாடைக்கு மூங்கில் வெட்டவும் ஆள் சொல்லி விட்டுரு."

"மதினி, சூடாத் தின்னுதான் இத்தனை வருசமா இழுக்குது. குளுந்ததைத் தின்னா என்ன ஆகுதுன்னு பாத்துருவோமே" என்றாள் பிச்சையம்மாள்.

ஆண்டியப்பன் அக்காள் முகத்தைப் பார்த்தான், பெண்டாட்டி முகத்தைப் பார்த்தான். "எல்லாத்தையும் பாத்தாச்சு. இதையும் பாப்போம்" என்றான். அவன் ஆயுசில் சுயமாகச் சொன்ன முதல் சொல் அதுவாகத்தான் இருக்கும்.

ஒரேயடியாகத் தாவாதே என்று சோலையப்பன் சொல்லியிருந்தார். அதனால் முதலில் ராத்திரிச் சோற்றை மட்டும் நிறுத்தினாள். பிறகு காலைப் பழையது போனது. கடைசியாக மத்தியானச் சோறு. கம்பை ஊறவைத்துத் துணியில் முடிந்து முளைகட்டினாள். கடலைக்கொட்டையை ஊறவைத்தாள். தேங்காயைத் துருவிப் பால் பிழிந்து தேன் விட்டுக் குடித்தாள். கோவைக்காய், நெல்லிக்காய், முருங்கைக் கொழுந்து எல்லாம் மென்று பார்த்தாள். முருங்கைக் கொழுந்தை மெல்லும்போது கொட்டிலில் கட்டிக்கிடந்த பசு அவளையே பார்த்தது. "என்னடி பாக்குறே, இனிமே நீயும் நானும் ஒரே பந்தி" என்று அதனிடம் சொன்னாள்.

சும்மா சொல்லக் கூடாது, முதல் சில நாட்கள் பாடாய்ப் படுத்திவிட்டன. வயிறு மத்தளமாய் உப்பியது. ஓயாமல் கொல்லைப்பக்கம் ஓடினாள். மூக்காயி வீட்டில் மீன்குழம்பு கொதித்தால் இங்கே இவள் வாயில் எச்சில் ஊறிக் கண்ணிலும் நீர் முட்டும். ஆனாலும் விடவில்லை. ஒவ்வொரு காயையும் கடிக்கும்போது, இத்தனை வருசம் வேகவைத்தே தின்றோமே, இதற்கு இப்படி ஒரு ருசியா என்று அவளுக்கு அதிசயமாக இருந்தது. பிஞ்சுப் புடலங்காய் இனித்தது. முளைகட்டிய கம்பில் பால் வாசனை அடித்தது.

அப்புறம்தான் ஊர் மூக்கில் விரலை வைத்தது. கார்த்திகை அடைமழை கொட்டுகிறது, பிச்சையம்மாளுக்கு இழுப்பு வரவில்லை! மல்லாந்து படுத்து உறங்குகிறாள். குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு ஊருணிக்குப் போய் வழியில் உட்காராமல் திரும்பி வருகிறாள். பார்க்க வந்த பெண்டுகள் அவள் முதுகில் காதை வைத்துக் கேட்டார்கள். உள்ளே ஒரு குஞ்சும் கத்தவில்லை. சோலையப்பனுக்குத் தலைகால் புரியவில்லை. ஆலங்குடிப் பஸ்ஸில் ஏறிச் சம்பந்தி வீட்டுக்கே போய், "எங்க மருமகளைப் பச்சை காப்பாத்திருச்சு" என்று சொல்லிவிட்டு வந்தார்.

ஆண்டியப்பனுக்குச் சாப்பாடு அக்காள் வீட்டிலிருந்து வந்துகொண்டிருந்தது. ஆகவே இந்த வீட்டில் அடுப்பு மூட்ட அவசியமே இல்லை. சாம்பலை வழித்துக் கொட்டிச் சாணம் தெளித்துவிட்டதோடு சரி. அடுப்பில் பூனை படுத்துத் தூங்கியது. ஒரு குடும்பம் நொடித்துப்போனதற்கு நம் சனங்கள் சொல்லும் சொலவடையே அதுதான். நம்மாள் வீட்டில் நிசமாகவே படுத்திருந்தது.

வினை அங்கேதான் முளைத்தது. எந்த வீட்டில் அடுப்பு மூட்ட மாட்டார்கள்? எந்த வீட்டுக்கு உறவுமுறை வீட்டிலிருந்து சோறு போகும்? இழவு விழுந்த வீட்டுக்கு. அறந்தாங்கிச் சந்தைக்குப் போன சட்டிபானைக்காரன் ஒருவன், அங்கே பிச்சையம்மாளின் அண்ணன் அய்யாக்கண்ணுவைப் பார்த்தவன், பேச்சோடு பேச்சாகச் சொல்லிவைத்தான்: "ஒங்க தங்கச்சி வீட்டுல அடுப்பு எரியலையாம். மாப்பிள்ளைக்குச் சோறு அக்கா வீட்டுலேருந்துதான் போகுதாம்." அவன் உள்ளதைத்தான் சொன்னான். அய்யாக்கண்ணுவுக்கு மேற்கொண்டு கேட்கத் தோன்றவில்லை. இழுப்பிலே கிடந்த தங்கச்சி, அடைமழைக் காலம், வேறு என்னவாக இருக்கும்?

பிச்சையம்மாள் வாசலில் உட்கார்ந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். தெருமுனையில் ஒப்பாரிச் சத்தம். 'யாரு போயிட்டா?' என்று காதைத் தீட்டினாள். கேட்கக் கேட்க, செத்துப்போனவளுக்கும் செவந்தி என்று ஒரு மகள், அவளும் வாயும் வயிறுமாய் இருக்கிறாள், செத்தவளுக்கும் இழுப்பு. நம்ம சாதகத்துல இன்னொருத்தியா என்று துருவலைப் போட்டுவிட்டு எழுந்து எட்டிப் பார்த்தாள். கோடிச் சேலையும் மாலையுமாக அண்ணன் வருகிறான். பின்னாலே தலையை விரித்துப் போட்டுக்கொண்டு அண்ணன் பெண்டாட்டி.

"யாரண்ணே செத்தது?" என்றாள் பிச்சையம்மாள்.

அண்ணன் பெண்டாட்டி பாதிப் பாட்டோடு அங்கேயே மயங்கி விழுந்தாள். அய்யாக்கண்ணுவின் கையிலிருந்து மாலை நழுவியது. தங்கச்சியைக் கட்டிக்கொண்டு அவன் அழுத அழுகை இருக்கிறதே, அவள் நிசமாய்ச் செத்திருந்தால்கூட அப்படி அழுதிருக்க மாட்டான். தெருவே கூடி, முதலில் பதறி, பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. அய்யாக்கண்ணு சிரிக்கவில்லை.

"உசுரோட இருக்கிற கூடப்பொறப்புக்குக் கோடி எடுத்தாந்துட்டேனே! இது எங்க போய் முடியுமோ! மாப்பிள்ளை, இவ பச்சையத் தின்னட்டும், கல்லைத் தின்னட்டும். ஆனா தெனம் விடிஞ்சா இந்த வீட்டுல அடுப்பு எரியணும். இல்லாட்டி இந்த வாசப்படிய நான் மிதிக்க மாட்டேன்."

மூக்காயி அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். "நான் அன்னைக்கே சொன்னேன்ல?" என்றாள். எல்லா ஊரிலும் மதினிமார்கள் சொல்வதுதான்.

மறுநாள் முதல் பிச்சையம்மாள் அடுப்பு மூட்டினாள். தனக்கு ஒன்றும் சமைக்கவில்லை. புருசன் குளிக்க வெந்நீர் போட்டாள், பசுவுக்குப் பருத்திக்கொட்டை வேகவைத்தாள். எரிப்பதற்குக் கடலைத்தோலும் முந்திரி மரத்துச் சுள்ளி மிலாறும். அந்த அடுப்படி ஆண்டியப்பனின் அப்பன் காலத்தில் கட்டியது. ஒரு சன்னல் கிடையாது. வேகிற சோற்றில் வழிப்போக்கன் கண் படக் கூடாது என்று நாலு பக்கமும் மண்சுவர், குனிந்து நுழைகிற வாசல், அவ்வளவுதான்.

வாரம் திரும்பவில்லை, குஞ்சுகள் கத்த ஆரம்பித்துவிட்டன. மார்கழி பிறந்தபோது பழைய இழுப்பு பலமடங்காகத் திரும்பி வந்துவிட்டது. "குளுத்தி ஏறிப்போச்சு. நான் சொன்னா யாரு கேட்டா?" என்று மூக்காயி அவளைக் கைத்தாங்கலாகக் கூட்டிப் போய் அடுப்பு ஓரத்தில் உட்காரவைத்துச் சூடு காட்டினாள். பாவம், ஆசையாகத்தான் செய்தாள். பிச்சையம்மாளுக்குக் கண்முழி பிதுங்கியது.

சோலையப்பன் வந்தார். முகம் வாடிப்போயிருந்தது. அவரும்தான் என்ன செய்வார், ஊரெல்லாம் தம்பட்டம் அடித்தாயிற்று.

"ஒளிச்சு ஒளிச்சு சோறு தின்னியாம்மா? உண்மையச் சொல்லு. தின்னாம இது வராது."

"என் மக மேல ஆணையா ஒரு பருக்கை தொடலை மாமா."

"அப்ப எப்படி வந்துச்சு?"

அவர் நம்பாமலே போனார். ஆலங்குடியிலிருந்து சம்பந்தியும் சொல்லி அனுப்பிவிட்டாள், பேறுகாலத்தை அங்கேயே பார்த்துக்கொள்கிறார்களாம். இழுப்பைவிட இவை இரண்டும்தான் பிச்சையம்மாளை அடித்துப்போட்டன. சீவன் அத்தனையும் கண்ணில் வைத்துக்கொண்டு கூரையைப் பார்த்தபடி கிடந்தாள். ஆனால் மாமா கேட்டுவிட்டுப் போன கேள்வி மட்டும் அவளை விடவில்லை. அப்ப எப்படி வந்துச்சு? திட்டுவதற்காக அவர் கேட்டார். இவளோ நிசமாகவே யோசித்தாள். தின்னது மாறவில்லை. ஊருணித் தண்ணீர் அதே தண்ணீர். பாய் அதே பாய். மழைகூட நின்றுவிட்டது. பின்னே எது மாறியது?

பூனை! பூனை இப்போது அடுப்பில் படுப்பதில்லை.

எழுந்து உட்கார்ந்தாள். ஆனாலும் உடனே நம்பிவிடவில்லை. நினைப்புக்கு நினைப்புச் சாட்சியாகுமா? 'ஊருல எல்லாப் பொம்பளையும்தான் அடுப்பு ஊதுறா, எனக்கு மட்டும் என்ன கேடு?' என்று தன்னோடு தானே வழக்காடினாள். சரி, பார்த்துவிடுவோம். அடுப்படிக் கூரை இற்றுப்போயிற்று என்று ஒரு பொய்யைச் சொல்லி, கொட்டில் பக்கம் வெட்டவெளியில் மூன்று கல்லைக் கூட்டிப் பருத்திக்கொட்டையை அங்கே ஏற்றினாள். அடுப்பும் எரிந்தது, அண்ணன் பேச்சும் பழுதாகவில்லை. நாளாக நாளாக நெஞ்சு அடங்கியது. அது பச்சை உணவு செய்த வேலை என்றும் சொல்லலாமில்லையா? அதற்கும் அவளிடம் வழி இருந்தது.

ஒரு மத்தியானம் மூக்காயி வீட்டுக்குப் போய், "மதினி, மீன்குழம்பும் சோறும் போடுங்க" என்றாள்.

மூக்காயிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கோட்டைப்பட்டினத்திலிருந்து வந்த மீன். பிச்சையம்மாள் தட்டை வாங்கிக்கொண்டு வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்தாள். முதல் கவளத்தை எடுத்தாள். இத்தனை நாள் கழித்துச் சோறு. இழுப்புத் திரும்பினால் இந்தத் தடவை எழுந்திருக்க மாட்டோம் என்று அவளுக்குத் தெரியும். செவந்தி முகம் ஒரு தரம் வந்து போனது. வாயில் போட்டாள். அடடா, அந்த ருசி! அழுதுகொண்டே தட்டை வழித்துத் தின்றாள். பொழுது சாய்கிற வரை அங்கேயே உட்கார்ந்து, அடிக்கொரு தரம் மூச்சை இழுத்து இழுத்துப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. மறுநாளும் தின்றாள். ஒன்றும் இல்லை.

அதற்கு மறுநாள் காலையில் ஆண்டியப்பனை அழைத்தாள். "ஏங்க, இங்கிட்டு வந்து வாசல்ல நில்லுங்க. நான் இன்னும் பச்சைத்தண்ணிகூடக் குடிக்கலை. பாத்துக்கிட்டே இருங்க." அடுப்படிக்குள் நுழைந்து கடலைத்தோலை அள்ளிப் போட்டு மூட்டினாள். புகை குப்பென்று எழுந்து, போக்கிடம் இல்லாமல் கூரையில் முட்டித் திரும்பி இறங்கியது. கொஞ்ச நேரத்தில் உள்ளிருந்து கீச்சுச் சத்தம் ஆண்டியப்பன் காதிலேயே கேட்டது. ஓடிப்போய் அவளை வாரி வெளியே கொண்டுவந்தான்.

அவளுக்குப் பேச்சு வரச் சற்று நேரம் பிடித்தது. "பாத்தீங்களா? சோத்துல இல்லை. குளுத்தியில இல்லை. அந்த அடுப்படிக் குச்சுக்குள்ளதான் இருக்கு."

"அப்ப சித்தப்பா சொன்ன பச்சை?"

"அது என்னைய அடுப்படிக்குள்ள விடாம வச்சிருந்துச்சு. அதான் அது பாத்த வைத்தியம்."

சேதி கேட்டுச் சோலையப்பன் வந்தார். சண்டைக்கு வருகிறார் என்று ஆண்டியப்பன் பயந்தான். அவரோ அடுப்படிக்குள் குனிந்து போய்ச் சுவரைத் தடவினார். விரலெல்லாம் கரி. வெளியே வந்து, "ஒன்னைய சந்தேகப்பட்டது தப்பும்மா" என்றார். பிறகு திடீரென்று முகத்தைச் சுளித்து, "அப்ப எனக்கு மூலம் எதுனால போச்சு?" என்று கேட்டார்.

"பச்சை திங்க ஆரம்பிச்சப்ப வேற எதை விட்டீங்க மாமா?"

அவர் தாடையைச் சொறிந்தார். "வேலைய விட்டேன். நாள் பூராவும் தகரத்து ஸ்டூல்ல ஒக்காந்திருப்பேன். மெளகா பஜ்ஜிய விட்டேன். இரு, யோசிச்சுச் சொல்றேன்." அந்த யோசனை அவருக்கு இன்றைக்கும் முடிந்திருக்காது. பிச்சையம்மாளோ முளைகட்டிய கம்பை விடவில்லை. இழுப்புக்காக அல்ல, பிடித்துப்போனதால்.

அன்றைக்கே ஆண்டியப்பன் கடப்பாரையை எடுத்தான். அக்காளைக் கேட்கவில்லை. முதல் இடி விழுந்ததும் மூக்காயி தெருவைத் தாண்டி ஓடிவந்து சுவருக்கு முன்னால் கையை விரித்து நின்றாள்.

"எங்கப்பன் கட்டுன சுவருடா! வேகுற சோத்துல ஊர்க்கண்ணு படுறதுக்கா ஓட்டை போடுறே? மூணு தலைமுறைக்குச் சோறு போட்ட அடுப்புடா இது!"

"படட்டும்க்கா. கண்ணு பட்டா சுத்திப் போட்டுக்கலாம். மூச்சு போனா எதைச் சுத்திப் போடுறது? செவந்தி இங்க வந்து பெத்துக்கணும். தள்ளு."

தம்பி தன்னிடம் 'தள்ளு' என்று சொல்வான் என்று மூக்காயி கனவிலும் நினைத்ததில்லை. தள்ளி நின்றாள். மண் கட்டிகட்டியாய் விழுந்தது. ஆள் தலை அளவுக்கு ஓட்டை விழுந்ததும் பிச்சையம்மாள் வெளியே நின்றபடி, "மதினி, உள்ள போய்க் கொஞ்சம் மூட்டி விடுங்க, பாப்போம்" என்றாள்.

மூக்காயி முணுமுணுத்துக்கொண்டே மூட்டினாள். புகை எழுந்து, கூரைக்குப் போய், அங்கே கொஞ்சம் தடுமாறி, பிறகு ஓட்டை வழியாக வெளியேறியது. மூக்காயி அடுப்பு ஓரத்தில் குத்தவைத்தபடியே அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விறகு எரிந்து தணிந்த பிறகும் எழுந்திருக்கவில்லை.

"என்ன மதினி?" என்று வாசலில் குனிந்தாள் பிச்சையம்மாள்.

"எங்க ஆத்தாளுக்கும் இழுப்புத்தாண்டி" என்றாள் மூக்காயி. "ஒனக்குத் தெரியாது, நீ வாக்கப்பட்டு வரதுக்கு முந்தியே போயிருச்சு. குளுரு ஆகாதுன்னு கடைசியில பாயத் தூக்கி இந்த அடுப்படிக்குள்ளயே போட்டோம். ராவும் பகலும் கனப்பு வச்சுக் கதவச் சாத்தி, அம்புட்டுப் பக்குவமாப் பாத்தோம். அது பேச முடியாம வாசப்பக்கமே கையக் காட்டிக்கிட்டு இருந்துச்சு. எமன் வந்து நிக்கிறது அதுக்குத் தெரியுதுன்னு சொல்லி நாங்க எல்லாரும் ஒக்காந்து அழுதோம்."